பெஞ்சமின் பிராங்கிளினும் தீக்காப்புறுதியும்

பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் மாணாக்கர் மனத்திலே தோன்றுவது, இடிமுழக்கத்தினிடையே பட்டம் விட்ட விஞ்ஞானியின் உருவமாகும். வரலாறு கற்றோர் அவரை அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்ட அரசியலறிஞராக அறிவர். அவர் பட்டம் விட்ட அதே 1752 ஆம் ஆண்டிலே, இரண்டு மாதம் முந்தி, அவர் முன்னின்று செய்த பிறிதொரு காரியம் உண்டு. அதனைப் பாடநூல்கள் ஒரு வரியிற் கூறிச் செல்லும். அல்லது கூறாமலே விடும். பிலடெல்பியா நகரத்து வீட்டுடையார் தம்முள் ஒன்றுசேர்ந்து, ஒருவர் வீடு தீப்பட்டால் எல்லோரும் சேர்ந்து அவ்விழப்பை ஈடு செய்வதென உடன்பட்டு ஒரு சங்கம் அமைத்தனர். பிறர்க்கு இலாபம் ஈட்டிக் கொடுப்பதற்காக எழுந்த காப்புறுதிக் கம்பனியன்று அது. காப்புறுதி பெற்றோரே அதன் உடைமையாளர். ஐக்கிய அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதற் கூட்டுறவு நிறுவனம் அதுவே என அந்நாட்டுக் கூட்டுறவாளர் போற்றுவர். அச்சங்கம் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதற்குப் பிராங்கிளினின் வாழ்க்கையைச் சற்றுப் பின்சென்று நோக்குதல் வேண்டும்.

அவர் 1706 ஆம் ஆண்டு சனவரி 17 ஆந் திகதி பொஸ்டன் நகரிலே பிறந்தார். தந்தையார் யோசையா இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர். அவருக்குப் பிறந்த மக்கள் பதினேழு பேருள் பெஞ்சமின் பதினைந்தாமவர், ஆண்மக்களுட் கடைசியானவர். இத்துணைப் பெரிய குடும்பத்திலே ஒரு பிள்ளையை நெடுங்காலம் படிப்பிப்பது எளிதன்று. ஆகவே இரண்டு ஆண்டுகளே அவர் பள்ளிக்கூடம் சென்றார். பத்தாவது வயதிலே தந்தையாரின் கடையில் திரி வெட்டும் வேலை. பன்னிரண்டாவது வயதிலே தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலுதல். அவர் ஐந்து வயதுப் பாலகனாயிருந்தபோது, 1711 ஆம் ஆண்டில், பொஸ்டன் நகரின் நடுப்பகுதியைப் பெருந்தீ அழித்தது. மரவீடுகள் நெருங்கி நின்ற அக்காலத்து நகரங்களுக்கு நெருப்பு எத்தகைய பகை என்பதை அறியாது வளர்ந்த சிறுவன் அங்கே இருந்திருக்க முடியாது.

அச்சுக்கூடமே அவருக்குக் கலாசாலை ஆயிற்று. இரவல் வாங்கிய நூல்களை இரவிலே படித்து, விடியுமுன் திருப்பிக் கொடுப்பார். தமையனார் நடத்திய செய்தித்தாளுக்குத் தாமும் எழுத விரும்பினார். சிறுவன் எழுதினால் ஏற்கமாட்டார் என்பது தெரியும். ஆகையால் 1722 ஆம் ஆண்டில், ஒரு விதவைப் பெண்ணின் பெயராற் கடிதங்கள் எழுதி, இரவிலே அச்சுக்கூடத்துக் கதவின் கீழால் நுழைத்துவிட்டார். அவை அச்சேறின, ஊரார் விரும்பிப் படித்தனர். அக்கடிதங்களுட் பத்தாவதொன்று நம் பொருளுக்கு மிக வேண்டியது. கணவனை இழந்த பெண்கள் கதியற்றுப் போகாதிருத்தற்கு, மணமான பெண்கள் பலர் ஒன்றுகூடி ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்துவது, அவருள் ஒருத்தி விதவையாகும்போது அந்நிதியிலிருந்து அவளுக்கு உதவுவது என்னும் திட்டத்தை அக்கடிதம் எடுத்துரைத்தது. திட்டம் அவருடைய சொந்தக் கற்பனையன்று. ஆங்கில ஆசிரியர் டானியல் டீபோ 1697 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நூலிலிருந்து பெரும்பகுதி எடுக்கப்பட்டது. ஆயினும், பதினாறு வயது இளைஞன் ஒருவன் எத்தனையோ வேடிக்கைப் பொருள்களிருக்க, இதனைத் தெரிந்தெடுத்தான் என்பது சிந்திக்கத்தக்கது. அவருடைய தொடர்பின்றியே, பிலடெல்பியாவில் 1759 ஆம் ஆண்டிற் பிரெஸ்பிற்றீரியன் போதகர் தம் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமென இத்தகைய நிதியொன்றை அமைத்துக்கொண்டனர். ஆயுட் காப்புறுதி அந்நாட்டிலே தோன்றியது அவ்வாறுதான்.

தமையனாரோடு ஒத்துவாழ இயலாது, 1723 ஆம் ஆண்டிற் பிராங்கிளின் ஒளித்தோடிப் பிலடெல்பியாவை அடைந்தார். பின் இலண்டனிலே இரண்டு ஆண்டுகள் அச்சு வேலை செய்து, 1726 ஆம் ஆண்டில் மீண்டார். அடுத்த ஆண்டில் நண்பர் சிலரைச் சேர்த்து ஒரு கழகம் அமைத்தார். கண்ணாடி பொருத்துவோர், செருப்புத் தைப்போர், தச்சர், எழுதுவினைஞர் முதலிய தொழிலாளரே பெரும்பாலும் அதன் உறுப்பினர். வெள்ளிக்கிழமை தோறும் மாலையிற் கூடி, தம்மைத் திருத்திக்கொள்ளவும் ஊருக்கு நன்மை செய்யவும் வழிகளை ஆராய்வர். அவர்களுட் பெரும்பாலோர் செல்வரல்லர். வேண்டிய நூல்களை வாங்க ஒருவராலும் முடியவில்லை. அப்பொழுது பிராங்கிளின் கண்ட வழி எளியது: 1731 ஆம் ஆண்டில் ஐம்பது பேர், ஆளுக்கு நாற்பது சிலிங் முதலாகவும், ஆண்டுதோறும் பத்துச் சிலிங் மேலாகவும் செலுத்தி ஒரு நூல்நிலையம் தொடங்கினர். தனி ஒருவனால் ஆகாதது ஐம்பதின்மராற் சிறு செலவில் ஆயிற்று. இந்தக் கணக்கை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. கற்றவர் பலர் கூட்டு வாழ்வைப் பற்றி உயர்ந்த சொற்களாற் பேசுவர். இவரோ அதனைச் சிலிங்கும் பென்சுமாகக் கணக்கிட்டவர்.

இனி நெருப்புக்கு வருவோம். 1730 ஆம் ஆண்டில் டெலவெயர் ஆற்றங்கரையிலுள்ள பிஷ்போர்ன் இறங்குதுறையிலே தீப்பற்றிப் பண்டசாலைகளும் வீடுகளும் எரிந்தன. அன்றிரவு காற்று வீசவில்லை. வீசியிருப்பின் நகரத்துக்கு நேர்ந்திருக்கும் கேடு பெரிது. நல்ல நீர்ப்பொறிகளும் கருவிகளும் இருந்திருந்தால் தீயை முன்னரே தடுத்திருக்கலாம் என்பது பிராங்கிளின் நடத்திய செய்தித்தாளின் கருத்து. 1735 ஆம் ஆண்டில், வயோதிபர் ஒருவர் எழுதியதுபோல ஒரு கடிதத்தை அப்பத்திரிகையில் வெளியிட்டார். தணலைத் திறந்த அகப்பையில் ஏந்தி ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கொண்டுசெல்லும் வழக்கத்தை அதிற் கண்டித்தார். புகைபோக்கிகளைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டுமென்றார். அத்தொழில் செய்வோர்க்கு நகரத் தலைவர் அனுமதி வழங்கி, அவர்களைப் பொறுப்பாளிகளாக்குதல் வேண்டுமென்றார். பொஸ்டன் நகரத்தார் தீயணைத்தற்கெனச் சங்கங் கூடியிருப்பதையும் எடுத்துக்காட்டினார்.

அடுத்த ஆண்டு அவர் வாழ்விலே துயர் மிக்கது. நான்கு வயதுடைய அவர் அருமை மகன் பிரான்சிஸ், 1736 நவம்பர் 21 ஆந் திகதி அம்மை நோயால் இறந்தான். அம்மை குத்துதல் நலந்தரும் என்று எழுதிவந்த தந்தை, தம் மகனுக்கு அதனைச் செய்விக்கக் காலந் தாழ்த்திவிட்டார். அந்த வருத்தம் முதுமையிலும் அவரை விட்டு நீங்கவில்லை. அம்மரணம் நிகழ்ந்து பதினாறு நாள்களின் பின், டிசம்பர் 7 ஆந் திகதி, அவருடைய தீயணைப்புச் சங்கம் முறையாக அமைந்தது. இரண்டுக்கும் தொடர்பு கற்பிக்க நாம் துணியவில்லை. எனினும் வருமுன் காத்தல் என்பது அவருக்கு அக்காலத்தில் வெறும் பஞ்சாங்கப் பழமொழியாக இருந்திராது.

சங்கத்தின் விதிகள் சுருக்கமானவை. ஒவ்வோர் அங்கத்தவரும் தம் செலவில் ஆறு தோல்வாளிகளும், பொருள்களை அள்ளிக் கட்டுதற்கு உறுதியான துணிப்பைகளும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். தீயென்ற குரல் கேட்டதும் அவற்றோடு ஓடுதல் வேண்டும். சிலர் நீர் இறைப்பர். சிலர் வீட்டுப் பொருள்களை வெளியே எடுப்பர். சிலர் அப்பொருள்கள் களவு போகாவண்ணம் வாயிலிற் காவல் நிற்பர். திங்களுக்கொருமுறை கூடித் தீயைப் பற்றித் தாம் அறிந்தவற்றைப் பேசுவர். வாராதவரிடம் தண்டப்பணம் அறவிட்டு, அதைக்கொண்டு ஏணி, கொளுக்கி, நீர்ப்பொறி முதலியன வாங்குவர். முப்பதின்மர் அளவே ஒரு சங்கத்துக்குத் தகுமென்று எண்ணியதால், மேலும் சேர விரும்பியோரைத் தனிச்சங்கம் அமைக்குமாறு ஏவினர். இவ்வாறு சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகி, வீட்டுடையார் பெரும்பாலோரும் ஏதாவதொரு சங்கத்திற் சேர்ந்தவராயினர்.

வாளிகள் தீயை அணைத்தன. எரிந்துபோன வீட்டைத் திருப்பிக் கட்டித் தரவில்லை. அயலார் திரண்டு வந்து பண்டங்களைக் காத்துக் கொடுத்தாலும், கூரையும் சுவரும் இழந்தவன் மறுநாள் ஏழையே. இந்தக் குறையை நீக்குதற்கு இலண்டன் நகரம் முன்னரே இருவகை வழிகளைக் கண்டிருந்தது. 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரத்து வீடுகள் 13,000க்கு மேல் அழிந்தபின், நிக்கலஸ் பார்பன் என்னும் கட்டட வியாபாரி 1680 ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் காப்புறுதி நிலையம் தொடங்கினார். 1710 ஆம் ஆண்டிற் பங்காளர் முதலிட்ட சண் தீக்காப்புறுதி நிலையம் எழுந்தது. இவற்றிலே கட்டுப்பணம் செலுத்துவோர் ஒரு சாரார். மிஞ்சும் இலாபத்தைப் பெறுவோர் மற்றொரு சாரார். இவற்றுக்கு இடையே, 1696 ஆம் ஆண்டில், கைகோத்த சங்கம் என்று பொருள்படும் பெயரோடு ஒரு நிலையம் தோன்றியது. அங்கே காப்புறுதி பெற்றவர் அனைவரும் பங்காளர். இலாபமும் நட்டமும் அவர்க்கே. பிராங்கிளினும் நண்பரும் எடுத்துக்கொண்ட முன்மாதிரி இதுவே.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இம்முயற்சியை முதலிற் செய்தவர் பிராங்கிளின் அல்லர். தெற்கே சாள்ஸ்டன் நகரத்தார் 1735 ஆம் ஆண்டிலேயே பரஸ்பரக் காப்புறுதிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். 1740 நவம்பரில் அந்நகரில் மூண்ட தீ முந்நூறு கட்டடங்களுக்கு மேல் அழித்தது. சங்கமும் அத்தோடு அழிந்தது. ஒரே தெருவிலுள்ள நூறு வீடுகள் ஒருவரையொருவர் காக்க உடன்பட்டாலும், நூறு வீடும் ஒரே இரவில் எரிந்தால் எவர் எவர்க்குக் கொடுப்பது? ஆகவே கூட்டுக் காப்புறுதிக்கு நிதி மட்டும் போதாது. தீ பரவாமற் காக்கும் ஏற்பாடு முதலில் வேண்டும். பிலடெல்பியாவிலே வாளி முந்திற்று, நிதி பிந்திற்று. சாள்ஸ்டன் சங்கத்துக்கு நேர்ந்த கதி இங்கே நேராமைக்கு இம்முறைவைப்பே முதற் காரணம் என்பது எம் கருத்து.

1750 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே, பிராங்கிளினின் தீயணைப்புச் சங்கக் கூட்டத்தில், அங்கத்தவர் தம்முள் ஒருவர்க்கு நேரும் தீயிழப்பை ஈடு செய்ய ஒரு நிதி சேர்க்கலாமா என்னும் யோசனை எழுந்தது. முப்பது பேருக்குள் அடங்கும் நிதி வலிமை பெறாது என்பது விரைவிலே புலப்பட்டது. ஆகவே மற்றைச் சங்கங்களையும் நகரத்தாரையும் சேர்த்துத் திட்டத்தை விரித்தனர். 1752 ஆம் ஆண்டிலே உடன்படிக்கைப் பத்திரம் எழுதப்பட்டது. முதற் கையொப்பம் துணைத் தேசாதிபதி ஜேம்ஸ் ஹமில்டனுடையது, அடுத்தது பிராங்கிளினுடையது. ஏப்ரில் 13 ஆந் திகதி அங்கத்தவர் நீதிமன்ற மண்டபத்திற் கூடிப் பணிப்பாளர் பன்னிருவரையும் தனாதிகாரி ஒருவரையும் தெரிந்தெடுத்தனர். பிராங்கிளின் பணிப்பாளருள் ஒருவரானார். தேசாதிபதியும் அச்சுத் தொழிலாளியும் ஒரே பத்திரத்தில், ஒரே கடமைக்கு உட்பட்டுக் கையொப்பமிட்டது அக்காலத்துக்குச் சிறு செய்தியன்று.

அதன் பண நடைமுறையை மாணாக்கர் கவனித்தல் நன்று. கணிதம் கற்போருக்கு இது சுவை தரும். வீடொன்றை ஏழாண்டுக்குக் காப்புறுதி செய்ய விரும்புவோர் ஒரு தொகையை வைப்புப்பணமாகச் செலுத்துவர். வீட்டின் இயல்பையும் தீ அபாயத்தையும் நோக்கி அத்தொகை வேறுபடும். அப்பணத்தைச் செலவழித்துவிடாமல், நல்ல ஈட்டின்மீது வட்டிக்குக் கொடுப்பர். வரும் வட்டியிலிருந்து தீயிழப்புகளும் நிருவாகச் செலவும் தீர்க்கப்படும். ஆயிரம் பவுண் சேர்ந்தது என்றும், நூற்றுக்கு ஆறு வட்டி என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அறுபது பவுண் வரும், ஏழாண்டில் நானூற்றிருபது. இழப்பு அதற்கு உட்பட்டிருந்தால் முதல் குறையாது. ஏழாண்டு முடிவில் அங்கத்தவர் தம் வைப்புப்பணத்தைத் திரும்பப் பெறலாம். இழப்பு மிகுந்தால் அவரவர் பங்குக்குக் குறையும். தீ குறைந்தால் நன்மை பெறுபவர் அங்கத்தவர். மிகுந்தால் நட்டப்படுபவரும் அவரே. ஆகையால் அயலவன் வீட்டுப் புகைபோக்கி துப்புரவாக இருக்கிறதா என்பது ஒவ்வொருவர்க்கும் சொந்தக் கவலையாயிற்று. பங்காளர் வேறு, கட்டுப்பணம் செலுத்துவோர் வேறாக உள்ள கம்பனியில் இக்கவலை இவ்வளவு இயல்பாகப் பிறப்பதில்லை. அங்கே கம்பனி கேட்பதெல்லாம் மிகையெனச் செலுத்துவோர்க்குத் தோன்றும். செலுத்துவோர் கோருவதெல்லாம் மிகையெனக் கம்பனிக்குத் தோன்றும்.

காப்புறுதி வழங்குமுன் ஒரு பரிசோதகர் வீட்டைச் சென்று பார்ப்பார். சுவர் எத்தன்மையது, அடுப்பு எங்குள்ளது, கூரைக்கு ஏற வழியுண்டா என்பன போன்றவற்றைக் குறித்துப் பணிப்பாளர்க்கு அறிவிப்பார். குறையிருந்தால் திருத்தும்படி கேட்பர். அக்குறிப்புகள் காலஞ்செல்லச் செல்ல விரிவாகி, அந்நகரத்துப் பழைய கட்டடங்களை ஆராய்வோர்க்கு இன்று பெருநிதியமாய் உள்ளன.

காப்புறுதி பெற்ற வீட்டின் முகப்பிலே சங்கத்தின் சின்னம் பொருத்தப்பட்டது. நான்கு கைகள், ஒன்று மற்றொன்றன் மணிக்கட்டைப் பற்றிச் சதுரமாகப் பிணைந்து நிற்கும் உருவம் அது. நம் சிறுவர் இருவர் தம் கைகளைக் கோத்துத் தோழன் ஒருவனைத் தூக்கிச் செல்வதற்கு அமைக்கும் ஆசனம் போன்றது. ஈயத்தில் வார்த்து மரப்பலகையிற் பதித்த அச்சின்னங்களை முதலிற் செய்துகொடுத்த ஜோன் ஸ்ரோ என்பவரே, மறு ஆண்டில் இன்னொருவரோடு சேர்ந்து, பிற்காலத்தில் விடுதலை மணி எனப் புகழ்பெற்ற மணியை மீள வார்த்தவருமாவார்.

பணிப்பாளர் கூட்டத்துக்குப் பிந்தி வந்தாலும் வாராதொழிந்தாலும் தண்டப்பணம் செலுத்தல் வேண்டும். 1760 களில் அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு, பிலடெல்பியாவிலிருந்து திரெண்டன் நகர் செல்லும் நெடுஞ்சாலையிலே மைற்கற்கள் நாட்டினர். நம் சங்கக் கூட்டங்களில் இவ்விதியைக் கைக்கொண்டால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வரை கல் நாட்டலாம் என்று யாரேனும் நகைத்தால், அதனை மறுத்தல் எளிதன்று.

இச்சங்கத்தின் புகழையே பேசி அமைவது நேர்மையாகாது. அபாயம் மிகுந்த மரவீடுகளுக்கு அது காப்புறுதி மறுத்தது. வீடு சொந்தமாக இல்லாத கூலியாளனுக்கும் குடிக்கூலி இருந்தவனுக்கும் அதனால் யாதொரு நன்மையுமில்லை. எரிந்தால் எல்லாவற்றையும் இழப்பவன் எவனோ, அவனே வெளியில் நின்றான். அங்கத்தவர் பணத்தைக் காக்கக் கடமைப்பட்ட பணிப்பாளர் அபாயத்தைத் தவிர்க்க முனைதல் இயல்பு. ஆயினும் கூட்டுறவு என்ற பெயர் மட்டும் ஏழைக்கு வாயில் திறந்துவிடாது என்பதும் இதனால் விளங்கும்.

வெளியில் நிறுத்தப்பட்டவர் வாளாவிராத கதையும் ஒன்றுண்டு. 1781 ஆம் ஆண்டில், வீட்டு முன்றிலில் மரம் நின்றால் காப்புறுதி இல்லையெனச் சங்கம் தீர்மானித்தது. மரக்கிளைகள் நீர் வீசுவதற்குத் தடையாகும் என்பதும், தீயைக் கூரைக்குக் கடத்தும் என்பதும் அவர்தம் அச்சம். நிழல்மரங்களை வெட்ட மனமில்லாதோர் 1784 ஆம் ஆண்டிலே தம்முள் வேறொரு பரஸ்பரச் சங்கம் அமைத்துப் பச்சை மரத்தையே சின்னமாகக் கொண்டனர். ஒரு கூட்டுறவு மறுத்ததற்கு அவர்கள் கண்ட மாற்று, இன்னொரு கூட்டுறவு. பிராங்கிளின் அப்பொழுது பிரான்சில் இருந்தார்.

இடிதாங்கியையும் இவ்வரிசையில் வைத்தே எண்ணுதல் வேண்டும். வானத்து மின்னல் மின்சாரமே என 1752 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் பட்டத்தால் நிறுவியவர், அவ்வறிவைக் கூரைகளைக் காக்கப் பயன்படுத்தினார். கூர்முனைக் கம்பியைக் கூரைமேல் நாட்டி நிலத்தோடு இணைக்கும் முறையைத் தம் பஞ்சாங்கத்தில் யாவரும் அறிய அச்சிட்டார். அதற்கு அவர் உரிமைப் பத்திரம் பெறவில்லை. தாம் அமைத்த புதுவகைக் கணப்படுப்புக்குத் தேசாதிபதி தனியுரிமை தர முன்வந்தபோதும் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயன் பெறுவதுபோல, நம் கண்டுபிடிப்பைப் பிறர்க்கு மகிழ்ந்து அளித்தல் வேண்டும் என்பது அவர் கூறிய காரணம்.

அவருடைய அரசியல் வாழ்வு பலரும் அறிந்தது. 1757 முதல் பெரும்பகுதிக் காலத்தை இலண்டனிலும், 1776 முதல் ஒன்பதாண்டைப் பிரான்சிலும் கழித்தார். 1778 ஆம் ஆண்டுப் பிரெஞ்சு உடன்படிக்கையும் 1783 ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையும் அவர் பங்குபற்றி முடித்தவை. அவ்வரலாற்றை இங்கே விரிக்க இடமில்லை. அவர் வாழ்விற் கறைகளும் உள. நெடுங்காலம் அடிமைகளை வைத்திருந்தார். ஓடிப்போன அடிமைகளைத் தேடும் விளம்பரங்களைத் தம் செய்தித்தாளிற் பணம் பெற்று அச்சிட்டார். தாமே ஒப்பந்தத்தை முறித்து ஓடிவந்த தொழிற்பயிலுநர் என்பதை அப்பொழுது நினைத்தாரோ, இல்லையோ. மனைவியார் தெபோராவை 1764 ஆம் ஆண்டிற் பிரிந்து சென்றவர், 1774 ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை திரும்பவில்லை. முதுமையில் மனம் மாறி, 1787 ஆம் ஆண்டில் அடிமையொழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பெப்ருவரியில் அவர் கையொப்பத்தோடு அடிமை முறையை எதிர்க்கும் விண்ணப்பம் அமெரிக்கக் காங்கிரசுக்குச் சென்றது. காங்கிரசு அதனை ஏற்கவில்லை.

பிரான்சிலிருந்து 1785 ஆம் ஆண்டில் மீண்டவர் தம் வீட்டைப் புதுப்பித்துக் கட்டினார். 1787 ஆம் ஆண்டில், கூரைமேலிருந்த பழைய இடிதாங்கியின் செப்புமுனை உருகியிருக்கக் கண்டார். அவர் இல்லாத காலத்தில் மின்னல் தாக்கியிருக்கிறது, வீட்டுக்கு ஊறில்லை. அடுத்த ஆண்டு தம் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கையில், ஐம்பதாண்டுக்கு முன் தாம் அமைத்த தீயணைப்புச் சங்கத்தை நினைவுகூர்ந்தார். அது அன்றும் நடந்துகொண்டிருந்தது. முதல் அங்கத்தவருள் எஞ்சியிருந்தவர் இருவரே: அவரும், அவரினும் ஓராண்டு மூத்த ஒருவரும். சங்கங்கள் தோன்றிய நாள் முதல் ஒரே தீயில் ஒன்றிரண்டு வீடுகளுக்கு மேல் நகரம் இழந்ததில்லை என்று மகிழ்வோடு குறித்துள்ளார்.

காப்புறுதிச் சங்கமோ அவர்க்குப் பின்னும் நெடிது வாழ்ந்தது. முன்மாதிரியாக நின்ற இலண்டன் நிலையம் 1905 ஆம் ஆண்டிற் பங்காளர் கம்பனியொன்றோடு கலந்து மறைந்தது. அதனைப் பார்த்து அமைந்த பிலடெல்பியாச் சங்கம் 2002 ஆம் ஆண்டிலே தன் இருநூற்றைம்பதாம் ஆண்டைக் கண்டது.

1790 ஏப்ரில் 17 ஆந் திகதி, எண்பத்துநான்காவது வயதிற் பிராங்கிளின் காலமானார். தம் மரணசாசனத்திலே, பிறந்த ஊராகிய பொஸ்டனுக்கும் வாழ்ந்த ஊராகிய பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் ஆயிரம் பவுண் விட்டுச் சென்றார். தொழில் பயின்று முடித்து மணஞ்செய்த, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட தொழிலாளர்க்கு அப்பணத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் கொடுத்தல் வேண்டும். ஒருவர்க்குப் பதினைந்து பவுணுக்குக் குறையாமலும் அறுபதுக்கு மேற்படாமலும் கொடுப்பது. ஆண்டுதோறும் பத்திலொரு பங்கும் வட்டியும் திருப்பிப் பெறுவது. காணி ஈடு கேட்கவில்லை. நன்மதிப்புடைய ஊரார் இருவர் பிணை நின்றாற் போதும். இளமையிலே இரு நண்பர் உதவிய கடனால் அச்சுக்கூடம் வைத்தவர் அவர். நூறாண்டு சென்றபின் ஒரு பகுதியைப் பொதுவேலைகளுக்கு எடுத்து, எஞ்சியதை மேலும் நூறாண்டு வளரவிடுமாறு பணித்திருந்தார். காலப்போக்கிலே பிணை நிற்போர் அருகியமையாற் கடன் கொடுத்தல் அவர் எண்ணியவாறு நடைபெறவில்லை. பணம் பிற வழிகளில் வளர்ந்தது. 1990 ஆம் ஆண்டில் இருநூறாண்டு நிறைவெய்தியபோது பிலடெல்பியாவின் நிதி இருபது இலட்சம் டொலருக்கு மேலும், பொஸ்டனின் நிதி நாற்பது இலட்சம் டொலருக்கு மேலும் இருந்தது.